ஐந்தாவது இறுவட்டு

2012 ஆவணியில் மாமா ரொறன்ரோவிலிருந்து வந்தபோது இரண்டு பெரிய பயணப் பெட்டிகள் கொண்டுவந்தார். ஒன்று முழுக்க உடுப்பும் சொக்லேட்டும். மற்றதன் அடியில், துவாய்களுக்குள் சுற்றி, பதினொரு டிவிடி உறைகள் இருந்தன. எனக்கு அப்போது பதினேழு வயது. உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன். ஆங்கிலம் என்றால் நெஞ்சு படபடக்கும்.

“பிள்ளை, இது உனக்கு ஆங்கிலம் பழக. கீழே எழுத்து ஓடும். வாசித்து வாசித்துப் பார்” என்றார் மாமா.

அவர் ஸ்காபரோவில் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை செய்கிறவர். 2011 இல் கனடாவில் பிளாக்பஸ்டர் கடைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் மலிவு விற்பனை நடந்தபோது மாமா உள்ளே போயிருக்கிறார். ஐந்து வருடம், ஆறு வருடம் ஓடிய தொடர்களில் ஒரு வருடத்துப் பெட்டியை மட்டும் கொண்டுபோய்க் கொடுத்தால் மிச்சத்துக்குப் பிள்ளைகள் எங்கே போவார்கள் என்று யோசித்தாராம். அதனால் உறையில் ‘முழுத் தொடர்’ என்று அச்சிட்டிருந்தவற்றை மட்டும் பொறுக்கி எடுத்தார். ஒரே பெட்டி, கதை முழுவதும் உள்ளே. நல்ல கணக்குத்தான். ஆனால் ஒரு தொடர் முழுவதும் ஒரே பெட்டிக்குள் அடங்குகிறதென்றால் அது பெரும்பாலும் பாதியில் நிறுத்தப்பட்ட தொடர் என்பது மாமாவுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

அதுவரை தொலைக்காட்சி எங்களுக்கு இரவல் பொருள். சமாதான காலத்துக்கு முன் எங்கள் பக்கம் மின்சாரம் இல்லை. யாராவது ஒருவருடைய வளவில் படம் போடுவதென்றால் ஜெனரேட்டர், டெக், தொலைக்காட்சி மூன்றையும் வாடகைக்கு எடுத்து, வீட்டுக்கு இவ்வளவு என்று காசு சேர்த்து, விடிய விடிய மூன்று படம் பார்ப்பார்கள். மண்ணெண்ணெய் தீர்ந்தால் படமும் தீர்ந்தது. அப்படி நடுவில் நின்றுபோன படங்களின் மிச்சக் கதையை மறுநாள் அம்மா எங்களுக்குச் சொல்லி முடித்துவைப்பார். அவையெல்லாம் அம்மாவே கட்டிய முடிவுகள் என்பது நான் வளர்ந்து அந்தப் படங்களை மறுபடி பார்த்தபோதுதான் தெரிந்தது. சிலவற்றில் அம்மாவின் முடிவே மேல்.

மாமா வந்த வருடம் நாங்கள் விசுவமடுவில் மீளக் குடியேறி, வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீட்டில் இருந்தோம். சுவருக்கு இன்னும் பூச்சுப் பூசவில்லை. மின்சாரம் ஒழுங்கைக்குள் வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அண்ணா கிளிநொச்சியில் ஒரு மோட்டார் சைக்கிள் கராஜில் வேலை பழகிக்கொண்டிருந்தான். முதல் சம்பளத்தில் ஒரு சீன டிவிடி பிளேயர் வாங்கி வைத்திருந்தான்.

மாமாவின் இறுவட்டைப் போட்டால் திரையில் ஒரு வரி மட்டும் வந்தது: இந்த வலயத்துக்குரியது அல்ல என்று. உறையின் பின்பக்கம் ஒரு சின்ன உலக உருண்டைக்குள் 1 என்று இருந்தது. உலகத்தை ஆறு வலயமாகப் பிரித்து, ஒரு வலயத்தில் விற்ற இறுவட்டு இன்னொரு வலயத்தின் பிளேயரில் ஓடாதபடி பூட்டு வைத்திருந்தார்கள். 1 என்பது அமெரிக்காவும் கனடாவும். அண்ணா பிளேயரைச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் கிளிநொச்சிக்குக் கொண்டுபோனான். திருத்துகிறவர் ஆணி ஒன்றுகூடக் கழற்றவில்லை. தட்டைத் திறந்துவைத்து, ரிமோட்டில் சில இலக்கங்களை அமுக்கி, ஒளிந்திருந்த பட்டியலில் 0 என்று மாற்றிவிட்டு, “இனி எந்த நாட்டுத் தட்டும் ஓடும்” என்றாராம். காசு வாங்கவில்லை.

அன்றிரவு படம் ஓடியது, கறுப்பு வெள்ளையில். வட அமெரிக்க இறுவட்டின் நிற முறை வேறு, எங்கள் தொலைக்காட்சியின் முறை வேறு. அதைச் சரிசெய்யும் இடத்தைப் பிளேயரில் கண்டுபிடிக்க எங்களுக்கு இரண்டு நாள் பிடித்தது. அதுவரை, கதை போரில் தொடங்குவதால் வேண்டுமென்றே அப்படி எடுத்திருக்கிறார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தோம்.

‘ஃபயர்ஃபிளை’ என்ற தொடர் அது. முதல் காட்சி ஒரு போர்க்களம். இரவு. மால் என்ற சார்ஜண்ட் மிஞ்சிய சில பேரோடு ஒரு பள்ளத்தாக்கில் பதுங்கியிருக்கிறான். பயந்து நடுங்கும் ஒரு பொடியனுக்குத் தைரியம் சொல்கிறான். வானத்திலிருந்து தங்கள் பக்கத்துக் கலங்கள் உதவிக்கு வரப்போகின்றன என்று நம்பியிருக்கிறான். வரமாட்டா, ஆயுதத்தைக் கீழே போடு என்று மேலிடம் சொல்லிவிடுகிறது. மால் நிமிர்ந்து பார்க்கிறான். வானம் நிறைய வெளிச்சம். இறங்குபவை எதிரியின் கலங்கள். பக்கத்தில் எழுந்து நின்ற பொடியன் விழுகிறான்.

அம்மா எழுந்து குசினிக்குள் போனார். அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை. அண்ணா ரிமோட்டைக் கையில் எடுத்தான், நிறுத்தவில்லை. 2009 முடிந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அந்த மாதங்களைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் கதைப்பதில்லை. வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவனின் முகத்தை, அந்த முகத்தை மட்டும், எங்கேயோ இருக்கிற ஒருவர் கதையின் வாசற்படியில் கொண்டுவந்து வைத்திருக்கிறாரே என்று நான் திகைத்துப்போய் இருந்தேன்.

அதற்குப் பிறகு கதை ஆறு வருடம் தாண்டுகிறது. தோற்ற பக்கத்தைச் சேர்ந்த மால் ஒரு பழைய விண்கலத்தை வாங்கி, வென்றவர்களின் கண் படாத ஓரக் கிரகங்களுக்கிடையே சரக்கு ஏற்றி இறக்கிப் பிழைக்கிறான். கலத்துக்குத் தான் தோற்ற பள்ளத்தாக்கின் பெயரையே வைத்திருக்கிறான்: செரனிட்டி. மண் நிறச் சட்டையைக் கழற்றுவதில்லை. அதைப் பற்றிப் பெரிதாகப் பேசுவதுமில்லை. தோற்ற பிறகும் மனிதர்கள் சமைக்கிறார்கள், சண்டை பிடிக்கிறார்கள், பிறந்தநாளுக்குக் கேக் செய்கிறார்கள் என்பதை அந்தத் தொடர் எவ்வளவு இயல்பாகக் காட்டியது! எங்களைப் பற்றி வந்த செய்திப் படங்கள் எதிலும் நான் அதைப் பார்த்ததில்லை.

ஆங்கிலமும் வந்தது. ஒரு வரியை நிறுத்தி, கொப்பியில் எழுதி, அகராதி பார்த்து, மறுபடி ஓட்டுவேன். அந்த உலகத்து மக்கள் கோபம் வந்தால் சீன மொழியில் திட்டுவார்கள். அதற்குக் கீழே எழுத்து ஓடாது. அந்த இடங்களில் அமெரிக்காவில் பார்த்தவரும் நானும் ஒரே நிலைதான் என்று நினைக்கவே தெம்பாக இருக்கும்.

அண்ணா பிடித்துக்கொண்டது வேறு ஒன்று. ஓர் அத்தியாயத்தில் இயந்திரத்தின் சின்னப் பாகம் ஒன்று உடைந்து, கலம் வெற்று வெளியில் நின்றுவிடுகிறது. மூச்சுக்காற்று குறைந்துகொண்டே போகிறது. மற்றவர்களை அனுப்பிவிட்டு மால் தனியே அந்தப் பாகத்துக்காகக் காத்திருக்கிறான். கலத்தின் மெக்கானிக் கெய்லி என்ற சிரித்த முகப் பெண். படித்து வந்தவள் இல்லை. சத்தத்தைக் கேட்டே பிழையைச் சொல்லிவிடுவாள். பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் சில துளி விட்டு இயந்திரத்தை உயிர்ப்பித்து, பிறகு மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடிய ஊர் எங்களுடையது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட ஊர். அண்ணா அந்த அத்தியாயத்தை மூன்று தரம் பார்த்தான். “இவள் எங்கள் கராஜுக்கு வந்தால் முதலாளி கதிரையை விட்டு எழும்பி இடம் கொடுப்பார்” என்றான்.

பெட்டியில் ஐந்து இறுவட்டுகள் இருந்தன. நான்கில் படம் அச்சிட்டிருந்தது. ஐந்தாவது வெறும் வெள்ளி நிறம், பெயர் எதுவும் இல்லை. கதையின் கடைசிப் பகுதி அதில்தான் இருக்கிறது, முடிவு யாருக்கும் தெரியக்கூடாது என்று பெயர் போடாமல் விட்டிருக்கிறார்கள் என்று நானும் அண்ணாவும் முடிவு செய்துகொண்டோம். பதினான்காவது அத்தியாயத்தின் கடைசிக் காட்சியில், அவர்களைப் பிடிக்க வந்த வேட்டைக்காரன் ஒருவன் தன்னந்தனியாக விண்வெளியில் மிதந்துகொண்டிருக்கிறான். அதோடு நான்காவது இறுவட்டு முடிந்தது. இரவு பத்து மணி. “ஐந்தாவதைப் போடு” என்றேன்.

திரையில் ஒரு வாழைமரம் தெரிந்தது. கொஞ்சம் ஆடிய கமரா பந்தலுக்குள் போனது. ஒலிபெருக்கியில் நாதஸ்வரம். சிவப்பு எழுத்தில் திகதி: 2004 வைகாசி. சின்னம்மாவின் கலியாணம்.

அந்தக் கலியாணம் எங்கள் வளவில்தான் நடந்தது. எனக்கு ஒன்பது வயது. வீடியோ எடுத்தவர் மூன்று கசற் போட்டுத் தந்தார்: ஒன்று சின்னம்மாவுக்கு, ஒன்று எங்களுக்கு, ஒன்று வரமுடியாமல் போன மாமாவுக்கு. யாழ்ப்பாணத்தையும் தெற்கையும் இணைக்கும் ஏ9 பாதை திறந்திருந்த காலம். கொழும்புக்குப் போன ஒருவர் கையில் மாமாவின் கசற் போனது. 2009 தையில் விசுவமடுவை விட்டு வெளிக்கிட்டபோது அப்பா எங்கள் கசற்றையும் அல்பங்களையும் பொலித்தீனில் சுற்றி, தகரப் பெட்டியில் போட்டு, பதுங்குகுழிக்குப் பக்கத்தில் புதைத்தார். திரும்பி வந்து தோண்டியபோது பெட்டி நிறையத் தண்ணீர். படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. கசற்றின் நாடா முழுக்கப் பூஞ்சணம். சின்னம்மா தன்னுடையதை மாத்தளன் வரை தோளில் கொண்டுபோனார், அதற்கப்பால் கொண்டுபோக முடியவில்லை. மாசி மாதம் தேவிபுரத்தில் அம்மப்பாவை மண்ணுக்குக் கொடுத்துவிட்டு நடந்தோம். அவருடைய முகம் ஒரு கடதாசித் துண்டில்கூட எங்களிடம் மிஞ்சவில்லை.

மாமா தன் கசற்றை ஸ்காபரோவில் ஒரு கடையில் கொடுத்து இறுவட்டாக மாற்றியிருக்கிறார். பயணத்தில் உடையாமல் இருக்க, கட்டியான உறை என்று அந்தப் பெட்டிக்குள் செருகியவர், சொல்ல மறந்துவிட்டார்.

பந்தல் வாசலில் அம்மப்பா வந்தார். சால்வையைச் சரிசெய்தார். கமராவைப் பார்த்தார். அதைத் தூக்கிக்கொண்டு நின்ற பொடியனிடம், “தம்பி, சாப்பிட்டாயா?” என்று கேட்டார்.

அம்மா குசினியிலிருந்து ஓடிவந்தார். அன்றிரவு அந்த இடத்தை எத்தனை தரம் திருப்பிப் போட்டோம் என்று எண்ணவில்லை.

ஃபயர்ஃபிளைக்கு ஐந்தாவது இறுவட்டு இல்லவே இல்லை என்பது ஒரு கிழமை கழித்து, பட்டணத்தில் இணையம் பார்க்கப் போனபோது தெரிந்தது. ஜோஸ் வீடன் உருவாக்கிய அந்தத் தொடர் 2002 செப்டெம்பர் 20 அன்று அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் தொடங்கியது. ஏ9 பாதை திறந்து ஐந்து மாதம் கடந்திருந்த நேரம். மனிதர்கள் குறைவாகத் தொலைக்காட்சி பார்க்கும் வெள்ளிக்கிழமை இரவில் அதைப் போட்டார்கள். இடையிடையே பேஸ்போல் போட்டிக்காக நிறுத்தினார்கள். எல்லாவற்றையும் விடக் கொடுமை, போர்க்களத்தில் தொடங்கும் அந்த முதல் அத்தியாயம் சரிவராது என்று சொல்லி வேறொன்று கேட்டார்கள். வீடனும் இன்னோர் எழுத்தாளரும் ஒரு வார இறுதிக்குள் ரயில் கொள்ளைக் கதை ஒன்றை எழுதிக் கொடுக்க, அது முதலில் போனது. யார் இந்த மனிதன், ஏன் இந்தச் சட்டை, ஏன் இந்தக் கோபம் என்று எதுவும் தெரியாமலே பார்வையாளர்கள் உள்ளே வந்தார்கள். சராசரியாக 47 இலட்சம் பேர் பார்த்தும் அந்த நாட்டுக் கணக்கில் அது தோல்வி. எடுத்த பதினான்கில் பதினொன்றைத்தான் போட்டார்கள். டிசெம்பர் 20 அன்று, கடைசியாக, அந்த முதல் அத்தியாயத்தைப் போட்டுக் கதவைச் சாத்தினார்கள்.

2003 டிசெம்பரில் வந்த டிவிடிப் பெட்டி இதையெல்லாம் நேராக்கியது. முதல் அத்தியாயம் முதலில். ஒளிபரப்பாகாத மூன்றும் அதனதன் இடத்தில். ஆக, ஒரு தொலைக்காட்சி நிலையம் தன் நாட்டு மக்களுக்குச் சரியாகக் காட்டாத கதையை, பத்து வருடம் கழித்து, பூச்சுப் பூசாத ஒரு வீட்டில் இருந்து நாங்கள் சரியான வரிசையில் பார்த்திருக்கிறோம். வானத்தைப் பார்க்கும் அந்த முகத்திலிருந்து தொடங்கியிருக்கிறோம். அது எங்களுக்கு வாய்த்த பேறு என்றுதான் இன்றும் சொல்வேன். அந்த முகம் இல்லாமல் ரயில் கொள்ளையிலிருந்து தொடங்கியிருந்தால் நான் பத்து நிமிடத்தில் எழுந்து பாடப் புத்தகத்துக்குப் போயிருப்பேன்.

அந்தப் பெட்டி நன்றாக விற்றதும் ரசிகர்கள் விடாமல் கேட்டதும் சேர்ந்து, யுனிவர்சல் நிறுவனம் 2005 இல் அதே கலத்தின் பெயரில் ஒரு திரைப்படம் எடுத்தது. அதில் ஒரு முடிவு இருக்கிறது. எனக்குப் பிடித்த இருவர் அதில் இறந்துபோகிறார்கள். நன்றாக எடுத்த படம்தான். ஆனால் அதைப் பார்ப்பதற்கு முன்பே எங்களுக்கு வேறொரு முடிவு கிடைத்துவிட்டது. கதவு நிலையில் சாய்ந்து நின்றே மிச்ச அத்தியாயங்களைப் பார்த்து முடித்த அம்மாவிடம், “இனி என்ன நடக்கும்?” என்று அண்ணா பழைய பழக்கத்தில் கேட்டான். அம்மா கொஞ்சம் யோசித்தார். “ஓர் இடத்திலும் நிரந்தரமாக இறங்கமாட்டார்கள். இறங்கினால் பதிய வேண்டும். கப்பலிலேயே ஒரு கலியாணம் நடக்கும். அந்த மெக்கானிக் பிள்ளைக்கும் டொக்டருக்கும்” என்றார். பதிவு என்றால் என்ன என்பது வன்னியில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

மற்றப் பெட்டிகளில் இரண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ‘வொண்டர்ஃபால்ஸ்’ 2004 இல் நான்கே நான்கு வாரம் ஓடியது. எடுத்தது பதின்மூன்று. மிச்ச ஒன்பதையும் பெரும்பாலான அமெரிக்கர் 2005 இல் வந்த டிவிடியில்தான் பார்த்தார்கள். நயாகராவில் நினைவுப்பொருள் கடையில் நிற்கும், தத்துவம் படித்த ஒரு பெண்ணிடம் மெழுகுச் சிங்கமும் பித்தளைக் குரங்கும் பேசத் தொடங்குகின்றன. வன்னியில் வெளிநாட்டு உறவினர் உள்ள வீடுகளின் சுவரில் ஒரு நயாகராப் படம் தொங்கும்: நீல மழைச்சட்டை, பின்னால் வெள்ளை வெளேரென்ற தண்ணீர், கண்ணைச் சுருக்கிய சிரிப்பு. அந்தப் படங்களை எடுத்துக்கொண்டு நிற்கும் மனிதர்களைக் கடைக்குள்ளிருந்து ஒருத்தி பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று அந்தத் தொடர்தான் எனக்குச் சொன்னது. மாமா எத்தனை உறவினரை அங்கே கூட்டிப்போயிருப்பார்! அவரிடம் கேட்டேன். “அந்தக் கடைகளுக்குள் நான் போவதில்லை. நீங்கள் படம் எடுத்து முடியும் வரை காருக்குள் நித்திரை கொள்வேன், இரவு வேலை அல்லவா” என்றார்.

‘ஃப்ரீக்ஸ் அண்ட் கீக்ஸ்’ 1980 இல் மிச்சிகன் பள்ளிக்கூடம் ஒன்றில் நடக்கிற கதை. என்பிசியில் 1999 இல் தொடங்கி, பதினெட்டு அத்தியாயத்தோடு நின்றது. அதன் டிவிடி வர 2004 ஆனது. காரணம் பாட்டுகள். காட்சிக்குக் காட்சி அந்தக் காலத்துப் பாட்டு ஓடும், ஒவ்வொன்றுக்கும் உரிமைப் பணம் கட்ட வேண்டும். பாட்டுகளை எடுத்துவிட்டு மலிவாக வெளியிட்டிருக்கலாம். அதற்கு உடன்படாமல் காத்திருந்து முழுதாகக் கொண்டுவந்தார்கள். இன்னொன்றும் செய்திருக்கிறார்கள்: எப்போது நிறுத்துவார்களோ என்று தெரியாததால், கடைசி அத்தியாயத்தை முன்கூட்டியே படமாக்கி வைத்துவிட்டார்கள். வெட்டு விழப்போகிறது என்று தெரிந்து, விழுவதற்கு முன் தங்கள் பிள்ளைகளை ஒரு கரையில் ஏற்றிவிட்டிருக்கிறார்கள். அதில் லிண்ட்ஸி என்ற பெண் படிப்பு முகாமுக்குப் போகிற பஸ்ஸில் ஏறி, வழியில் இறங்கி, வேறு வாகனத்தில் ஏறிவிடுவாள். எங்கே போகிறாள் என்று காட்டமாட்டார்கள். மாமாவின் பதினொரு பெட்டிகளிலும் எனக்கு மிக நிறைவாகப்பட்ட முடிவு அதுதான்.

எங்கள் ஊருக்கும் ஒரு குறுகிய காலத் தொலைக்காட்சி இருந்தது. தமிழீழத் தேசியத் தொலைக்காட்சி 2005 இல் தொடங்கியது, போரோடு போனது. அதைப் பற்றி ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கருத்து இருக்கும். எனக்கு நினைவிருப்பது ஒரு சின்ன நாடகம். அதில் எங்கள் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர் கடைக்காரராக வந்து, தராசைப் பிடித்துக்கொண்டு வாடிக்கையாளரோடு வாதாடுவார். வகுப்பே அடுத்த நாள் அதைக் கேட்டுச் சிரித்தது. அந்த வாத்தியார் இப்போது இல்லை. அந்த நாடகத்தைப் பெட்டியில் போட்டு ‘முழுத் தொடர்’ என்று யாராவது என் கையில் தந்தால், அதற்காக எவ்வளவு தூரமும் நடப்பேன்.

நான் இப்போது ஆங்கிலம் படிப்பிக்கிறேன். என் பிள்ளைகளுக்கு இறுவட்டைப் பிடிக்கத் தெரியாது. நடு ஓட்டைக்குள் ஒரு விரல், விளிம்பில் ஒரு விரல் என்று காட்டிக் கொடுக்கிறேன். துடைப்பதென்றால் வட்டமாகத் துடைக்கக்கூடாது, நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். தகவல் வட்டப் பாதையில் எழுதியிருப்பதால், பாதையோடு போகும் கீறலைவிடக் குறுக்கே போகும் கீறலை பிளேயர் தாங்கிக்கொள்ளும். தபாலில் டிவிடி அனுப்பித் தொழிலைத் தொடங்கிய நெட்ஃபிளிக்ஸ் 2023 செப்டெம்பர் 29 அன்று கடைசி இறுவட்டை அனுப்பிவிட்டு அதை நிறுத்திவிட்டது. இணையத்தில் இன்று இருக்கும் தொடர் நாளை எடுக்கப்படும், கேட்க ஆளில்லை. மாமாவின் பெட்டியை யாரும் வந்து எடுக்கப்போவதில்லை.

எடுக்கப்போவது வெக்கைதான். தொழிற்சாலையில் அச்சடித்த இறுவட்டில் தகவல் நுண்ணிய பள்ளங்களாகப் பிளாஸ்டிக்கிலேயே பதிந்திருக்கிறது. கடையில் எழுதித் தருகிற இறுவட்டில் அது ஒரு சாயப்படையில் லேசர் சுட்ட தழும்பு. சாயம் காலத்தோடு வெளிறும். போன சித்திரையில் கலியாண இறுவட்டைப் போட்டபோது தாலி கட்டுவதற்கு முன்பே படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றது. மாமாவிடம் பழைய கசற் இல்லை. வீடு மாறும்போது, இறுவட்டு இருக்கிறதுதானே என்று எறிந்துவிட்டார்.

பழுதான இடங்களை விடாமல் திரும்பத் திரும்ப வாசித்துப் பார்க்கும் ஒரு மென்பொருளைக் கணினியில் போட்டு, இறுவட்டை மெதுவான வேகத்தில் சுழலவிட்டேன். வாசிக்க முடிந்ததைப் பச்சையாகவும் முடியாததைச் சிவப்பாகவும் காட்டும். முதல் இரவு சிவப்பு கொஞ்சமும் குறையவில்லை. இரண்டாம் இரவு அண்ணா தன் வீட்டிலிருந்து வேறொரு பழைய டிரைவ் கொண்டுவந்து மாட்டினான். ஒரு டிரைவுக்குத் தெரியாதது இன்னொன்றுக்குத் தெரியும் என்றான், கெய்லி போலக் காதை அதன்மேல் வைத்துக்கொண்டு. அம்மா தேத்தண்ணீர் போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டு எங்களுக்குப் பின்னால் பாயில் படுத்தார்.

தாலி கட்டும் இடத்தில் எட்டு வினாடி வரவே இல்லை. அறுகரிசி போடும்போது பாதி முகங்கள் இல்லை. விடிய நாலரைக்குப் பந்தல் வாசல் பச்சையானது. சத்தத்தைக் கூட்டினேன்.

“தம்பி, சாப்பிட்டாயா?”

“ஓம் ஐயா” என்று கமராவுக்குப் பின்னாலிருந்து அந்தப் பொடியன் சொல்வதும் கேட்டது. இத்தனை வருடமும் நாங்கள் அதைக் கவனித்ததில்லை.